பியர் கியூரியும் என் எம்.இ. ப்ராஜெக்ட்டும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மறைந்த விஞ்ஞானி ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரவேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமாக இருக்கவேண்டும் என்றார்கள். ராமன், ராமானுஜன், ஐன்ஸ்டைன் மூவரையும் ஏற்கெனவே மற்றவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்களாம். அப்படியானால் நான் கடன்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன், பியர் கியூரி என்றேன். எதிர்முனையில் கொஞ்சம் மௌனம். பிறகு, மேரி கியூரியோட வீட்டுக்காரரா என்று ஒரு கேள்வி.

ஆமாங்க, அவரேதான். நானும் 1994 வரைக்கும் அவரை அப்படித்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

1859-ம் வருடம் மே 15-ம் தேதி பாரிஸில் பிறந்தவர். அப்பா யூஜீன் கியூரி ஒரு டாக்டர். இளைய மகன் பியர் எதையும் மெதுவாக, ஒரே விஷயத்தில் ஆழ்ந்து யோசிக்கிற குழந்தை. மணி அடித்தால் கணக்கை மூடிவிட்டு சரித்திரத்தைத் திற என்கிற பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவராது என்று பெற்றோர் முடிவு செய்து, வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். நம்ம ஊரில் அப்படிச் செய்திருந்தால் சொந்தக்காரர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பையன் 16 வயதில் பல்கலைக்கழக நுழைவுக்கான பரீட்சையைத் தேறி, 18 வயதில் சயன்ஸ் பட்டமும் வாங்கிவிட்டான். மேலே டாக்டர் பட்டத்துக்குப் போக வசதி இல்லை. 1878-ல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் லேப் உதவியாளராகச் சேர்ந்தார். அண்ணன் ஜாக் அதே சோர்போனில், கனிமவியல் லேபில் உதவியாளர். இரண்டு பேரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது பழைய புதிர் ஒன்று. டூர்மலின் என்று ஒரு கல் உண்டு. 1700-களின் ஆரம்பத்தில் டச்சு வியாபாரிகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போனது. அந்தப் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதைச் சூடாக்கினால் பக்கத்திலுள்ள சாம்பலை இழுக்கும், அதாவது மின்னேற்றம் வரும். சகோதரர்கள் இப்படி யோசித்தார்கள்: சூடு ஆறும்போது கல் சுருங்குகிறது, சுருங்குவதால்தான் மின்சாரம் வருகிறது என்றால், கையால் அழுத்திச் சுருக்கினாலும் வரவேண்டும் அல்லவா? வெறுமனே எல்லாக் கல்லையும் அழுத்திப் பார்க்கவில்லை. படிகத்தின் அமைப்பைப் பார்த்து, எந்தப் படிகத்தில் வரும், எந்தத் திசையில் வெட்டினால் வரும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டு வெட்டினார்கள். இரண்டு முகங்களிலும் வெள்ளீயத் தகடு ஒட்டி, தாம்சன் எலக்ட்ரோமீட்டரில் இணைத்து அழுத்தினார்கள். டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், கரும்புச் சர்க்கரைப் படிகம், ரோஷெல் உப்பு எல்லாவற்றிலும் வந்தது. இது 1880-ல். தம்பிக்கு வயது 21.

மறு வருடமே லிப்மன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், அழுத்தினால் மின்சாரம் வருமென்றால் மின்சாரம் கொடுத்தால் கல் சுருங்கி விரிய வேண்டும், வெப்ப இயக்கவியல் அப்படித்தான் சொல்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சகோதரர்கள் 1881 முடிவதற்குள் அதையும் சோதனையில் காட்டிவிட்டார்கள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பாதையும் கிடைத்தாயிற்று. பீசோ எலக்ட்ரிசிட்டி என்று நாம் படித்தது இதைத்தான்.

இந்த இரண்டையும் ஒரே கல்லில் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் என் எம்.இ. ப்ராஜெக்ட்டின் தலைப்பு: பீசோ எலக்ட்ரிக் செராமிக் ட்ரான்ஸ்ஃபார்மர். சார்லஸ் ரோசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1950-களில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது கொண்டு வந்தது. கம்பிச் சுற்று கிடையாது, இரும்புக் கோர் கிடையாது. நம் பள்ளிக்கூட ஸ்கேலை ஒடித்த மாதிரி ஒரு செராமிக் பட்டை, அவ்வளவுதான். பாதிப் பட்டையில் மேலும் கீழும் வெள்ளிப் பூச்சு; அங்கே மின்னழுத்தம் கொடுத்தால் பட்டை நீளவாக்கில் அதிர்கிறது. மறுபாதி அந்த அதிர்வை வாங்கி, கடைசி முனையில் பெரிய மின்னழுத்தமாகத் திருப்பித் தருகிறது. 40 மில்லிமீட்டர் பட்டை என்றால் முழு அலைக்கு சுமார் 80 கிலோஹெர்ட்ஸ். 1990-களில் லேப்டாப் திரைக்குப் பின்னால் எரிந்த மெல்லிய குழல் விளக்குகளுக்கு இதை வைத்து ஓட்டினார்கள். பிறகு எல்.இ.டி. வந்து அந்த விளக்குகள் போய்விட்டன.

முதலில் இதை ஈக்விவலன்ட் சர்க்யூட்டாகப் போட்டேன். பெல் லேப்ஸ் மேசன் காட்டிய வழி: விசையை வோல்ட் என்று வை, வேகத்தைக் கரண்ட் என்று வை, நிறையும் விறைப்பும் இண்டக்டர், கபாசிட்டர் ஆகிவிடும். அதில் பட்டை ஒரே ஒரு திசையில் மட்டும் அதிரும். அகலம், மூலை, இணைப்பு இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே பட்டையைச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதித் தீர்க்கிற ஃபைனைட் எலிமெண்ட் முறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஃப்ளாப்பியோடு உள்ளே போய், ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதே ரூம்தான். ஒரு ரன் போட்டால் விடிய விடிய ஓடும்.

அந்த பாக்கேஜுக்கு நாம் செராமிக்கின் குணத்தை எண்களாகக் கொடுக்கவேண்டும். பீசோ குணத்துக்கு மட்டும் 18 கட்டங்கள். எந்தப் பக்கம் இழுத்தால், எந்தப் பக்கம் முறுக்கினால், எந்தத் திசையில் மின்சாரம் என்கிற அட்டவணை அது. டேட்டா ஷீட்டைப் பார்த்து டைப் அடித்தேன். பதினெட்டில் ஐந்து கட்டத்தில்தான் எண் உண்டு, அந்த ஐந்திலும் வேறு வேறு எண் மூன்றே மூன்று. மீதிப் பதிமூன்றும் பூஜ்யம். பூஜ்யம் அடிப்பது சுலபம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் பூஜ்யம் என்று யோசிக்கவில்லை.

ரிசல்ட் அருமையாக வந்தது. பெரிய உச்சம் மேசன் சர்க்யூட் காட்டிய இடத்திலேயே நின்றது. பக்கத்தில் ஒரு குட்டி உச்சமும் இருந்தது. படம் போட்டுப் பார்த்தால், அந்த அலைவரிசையில் பட்டை பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிகிறது. ஆஹா, சர்க்யூட் மாடலுக்குத் தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதி, இணைப்பில் ஏற்படும் தகைவுக் குவிவு அது இது என்று வார்த்தைகளைக் கொட்டி, கைடிடம் கொண்டு போனேன்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். இந்தப் பட்டை முதலில் இடது பக்கம் வளைகிறதா, வலது பக்கமா?

படத்தைப் பார்த்து, இடது என்றேன்.

ஏன் இடது என்றார். பட்டைக்கு இடமும் வலமும் ஒன்றுதான். பூச்சு ஒன்றுதான், வோல்டேஜும் நடுவாகத்தான் கொடுக்கிறாய், கட்டிகளையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பிரித்திருக்கிறாய். இடது பக்கம் வளை என்று அதற்கு யார் சொன்னது? கியூரியின் 1894 கட்டுரையைப் பற்றி லைப்ரரியில் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். நான் மேரி கியூரி என்று நினைத்துக்கொண்டு ரேடியம் அலமாரிக்குப் போனேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

1894-ல் பியர் எங்கே இருந்தார் என்று சொல்லவேண்டும். 1883-ல் அண்ணன் ஜாக்குக்கு மோன்பெலியேவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சகோதரர்கள் சேர்ந்து செய்த காலம் முடிந்தது. அதற்கு முந்திய வருடமே, பாரிஸ் நகராட்சி புதிதாக ஆரம்பித்த பௌதிக, ரசாயனத் தொழிற்கல்லூரியில் பியர் லேப் பொறுப்பாளர் ஆகியிருந்தார். பெரிய பெயர் இல்லாத காலேஜ். மாணவர்களுக்கு லேபை உருவாக்கிக் கொடுப்பதிலேயே முதல் சில வருடங்கள் போயின. தனக்கென்று ஒரு அறைகூடக் கிடையாது. வராந்தாவிலும் படிக்கட்டுப் பக்கத்திலும் சோதனை செய்த மனிதர். 22 வருடம் அங்கேயே இருந்தார். பதவிக்கு யாரையும் போய்ப் பார்க்கமாட்டார், விருது கொடுத்தால் வேண்டாம் என்பார். அவருடைய அருமை பிரான்சில் தெரிந்ததைவிட பிரிட்டனில் கெல்வின் பிரபுவுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

கருவிக்குப் பணம் இல்லாத நேரத்தில் யோசிக்கத் தடையில்லையே. படிகத்தில் ஆரம்பித்த யோசனை அவரைச் சமச்சீர் என்கிற சிமெட்ரிக்குக் கொண்டு போயிற்று. படிகத்தின் வடிவத்தில் சமச்சீர் பார்ப்பது அவருக்கு முன்னாலேயே இருந்தது. ஜெர்மனியில் நாய்மன் என்பவர் படிகத்தின் குணங்களுக்கு அதைப் பொருத்தியும் இருந்தார். பியர் அதைப் படிகத்தை விட்டு வெளியே கொண்டுவந்தார். மின்புலத்துக்கே ஒரு வடிவச் சமச்சீர் உண்டு, அது ஒரு கூம்பு மாதிரி. காந்தப் புலத்துக்கு, சுழல்கிற உருளை மாதிரி என்றார். காரணத்தில் இல்லாத சமச்சீர்க்குலைவு விளைவில் வரமுடியாது என்று 1894-ல் எழுதினார். பட்டை இடது பக்கம் வளைகிறதென்றால், இடம் வலம் வித்தியாசம் காரணத்தில் எங்கேயோ இருந்தே ஆகவேண்டும்.

செராமிக்குக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? செராமிக் என்பது ஒற்றைப் படிகம் அல்ல, தாறுமாறாகக் கிடக்கிற கோடிக்கணக்கான குட்டிப் படிகங்கள். மொத்தத்தில் பார்த்தால் பந்து மாதிரி, எந்தத் திசையும் ஒன்றுதான். அதனால் சுட்டு எடுத்த உடனே அழுத்தினால் மின்சாரம் வராது. பெரிய மின்புலம் கொடுத்துத் திசைப்படுத்த வேண்டும், போலிங் என்போம். பந்தின் மேல் அம்பு பட்டால் மிஞ்சுவது அம்பின் சமச்சீர். அது பியர் சொன்ன அதே கூம்பு. பதினெட்டில் பதிமூன்று பூஜ்யம் அங்கிருந்து வருகிறது. அவர் காலத்தில் இப்படி ஒரு செராமிக்கே கிடையாது! பேரியம் டைட்டனேட் 1940-களில்தான் வந்தது, நாம் பயன்படுத்துகிற ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் 1950-களில். அதன் அட்டவணையில் எங்கே எண், எங்கே பூஜ்யம் என்பதை அவர் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்ப கம்ப்யூட்டர் சென்டர். ஒவ்வொரு கட்டமாகப் பரிசோதித்தேன். சார் சொல்லிக் கொடுத்த சோதனை இது: போலிங் திசையை அச்சாக வைத்துக் கட்டியை அரைச் சுற்று திருப்பு. கட்டி மாறாது. குறுக்கு வெட்டுச் சதுரத்தைச் சாய்சதுரமாக நசுக்கினால், திருப்பின பிறகும் அதே சாய்சதுரம்தான். ஆனால் பக்கவாட்டில் மின்சாரம் வருவதாக வைத்துக்கொண்டால், அந்த அம்பு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ஒரே காரணம் இரண்டு எதிரெதிர் விளைவைத் தருமா? தராது. ஆகவே அந்தக் கட்டம் பூஜ்யமாகத்தான் இருக்கவேண்டும். என் ஃபைலில் அங்கே பூஜ்யம் இல்லை.

காரணம் ரொம்ப அற்பம். முறுக்கங்கள் மூன்றையும் டேட்டா ஷீட் ஃபோக்ட் முறைப்படி ஒய்-இசட், எக்ஸ்-இசட், எக்ஸ்-ஒய் என்று வரிசைப்படுத்துகிறது. அந்த பாக்கேஜோ எக்ஸ்-ஒய், ஒய்-இசட், எக்ஸ்-இசட் என்று கேட்கிறது. மேனுவலில் ஒரு வரி இருந்தது, நான் படிக்கவில்லை. முறுக்கத்துக்கான எண் இரண்டு இடத்திலும் தப்பாக உட்கார்ந்துவிட்டது. நீளவாக்கு எண்கள் சரியாக இருந்ததால் பெரிய உச்சம் சரியாகவே வந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணை இடம் மாற்றி ரன் போட்டேன். பெரிய உச்சம் ஏறக்குறைய அசையவில்லை. குட்டி உச்சம் போயே போச்சு. என் ஒன்றரைப் பக்கக் கண்டுபிடிப்பும் அதோடு போச்சு. அப்போது ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தேன். ஓடிப்போய்த் திருப்பி வாங்கி வந்தேன். இப்போது சிமுலேஷன் செய்கிற பிள்ளைகளே, இந்த வரிசைக் குழப்பம் இன்றைக்கும் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு கட்டியை வைத்து அரைச் சுற்று சோதனை செய்துவிட்டுப் பட்டைக்குப் போங்கள்.

பியரின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அதே 1894-ல்தான் போலந்திலிருந்து படிக்க வந்திருந்த மேரியைச் சந்தித்தார். 36 வயது நெருங்கும் வரை டாக்டர் பட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதவர், 1895 மார்ச்சில் காந்த குணங்களைப் பற்றி தீசிஸ் கொடுத்தார். சூடாக்கினால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இரும்பு காந்தத்தன்மையை இழப்பதை அளந்து காட்டிய வேலை அது. கியூரி வெப்பநிலை என்று அவர் பெயரே வைத்தார்கள். அந்தப் பெயர் பிற்பாடு செராமிக்குக்கும் ஒட்டிக்கொண்டது. பேரியம் டைட்டனேட்டுக்கு சுமார் 120 டிகிரி. அதைத் தாண்டினால் போலிங் கலைந்து, பட்டை பழையபடி பந்தாகிவிடும். சால்டரிங் அயனைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துப் பட்டையைக் கெடுத்த அனுபவம் எனக்கும் உண்டு. அந்த ஜூலை 26-ம் தேதி கல்யாணம். கல்யாணப் பரிசுப் பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றினார்கள்.

மேரி ஆராய்ச்சி ஆரம்பித்தபோது அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி எது தெரியுமா? சகோதரர்கள் செய்த குவார்ட்ஸ் தராசு. நீளமான மெல்லிய குவார்ட்ஸ் பட்டை, அகலமான முகங்களில் உலோகப் பூச்சு, கீழே தட்டு. தட்டில் எடை வைத்தால் பட்டை நீளவாக்கில் இழுபட்டு, கணக்கான மின்னேற்றம் தரும். யுரேனியக் கதிர் காற்றில் உண்டாக்குகிற மின்னோட்டம் இருபது சொச்சம் பிகோ ஆம்பியர்தான். அதை இந்த எடையால் ஈடுகட்டி எலக்ட்ரோமீட்டர் முள்ளைப் பூஜ்யத்திலேயே நிறுத்தி, எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் வாட்சில் பார்த்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். பிட்ச்பிளெண்ட் தாதுவில் யுரேனியத்தை மிஞ்சிய கதிர்வீச்சு இருக்கிறது என்று காட்டியது இந்தத் தராசுதான். குவார்ட்ஸுக்கு ஒரு நியூட்டனுக்கு 2.3 பிகோ கூலும்தான் கிடைக்கும். போதாததை நீளத்தைக் கனத்தால் வகுத்த விகிதம் பெருக்கிக் கொடுக்கிறது. ரோசன் ட்ரான்ஸ்ஃபார்மரின் மின்னழுத்தப் பெருக்கத்திலும் அதே விகிதம்தான் உட்கார்ந்திருக்கிறது. இது தெரியவந்த அன்று கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பியர் தன் படிக ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மனைவியோடு சேர்ந்துகொண்டார். 1898-ல் பொலோனியம், ரேடியம். அந்தத் தொழிற்கல்லூரியின் ஒழுகுகிற கொட்டகையில் நடந்த வேலை அது. ரேடியத்துக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அது உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் கையிலேயே கட்டிவைத்துப் புண்ணாக்கிக்கொண்டார். 1903-ல் நோபலுக்கு பிரான்சிலிருந்து போன பரிந்துரையில் மேரியின் பெயரே இல்லை. சுவீடன் கணிதப் பேராசிரியர் மிட்டாக்-லெஃப்லர் இதைத் தெரிவித்ததும், கொடுப்பதானால் இரண்டு பேரையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று பியர் பதில் எழுதினார். அப்படித்தான் மேரியின் பெயர் சேர்ந்தது. மற்றப் பாதி பெக்கரலுக்கு. சோர்போனில் பேராசிரியர் பதவி 1904-ல்தான் வந்தது.

1906 ஏப்ரல் 19, வியாழக்கிழமை, மழை. பேராசிரியர்கள் கூட்டம் முடிந்து, ப்ரூஃப் திருத்தப் பதிப்பகத்துக்குப் போனார். ஸ்ட்ரைக் காரணமாக மூடியிருந்தது. தோஃபின் தெருவில் சாலையைக் கடக்கும்போது, ராணுவச் சீருடைகள் ஏற்றி வந்த குதிரை வண்டியின் முன்னால் வழுக்கி விழுந்தார். பின் சக்கரம் தலையில் ஏறிவிட்டது. வயது 46. நவம்பரில் மேரி சோர்போன் வகுப்புக்குப் போய், அவர் விட்ட இடத்திலிருந்தே பாடத்தை ஆரம்பித்தார்.

அவருடைய மாணவர் லான்ஜவின் முதல் உலகப்போரில், 1917 வாக்கில், நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கக் குவார்ட்ஸை அதிரவைத்தபோதுதான் பீசோ எலக்ட்ரிசிட்டி லேபைவிட்டு வெளியே வந்தது. அண்ணன் ஜாக் அதையும் பார்த்தார்; 1941 வரை இருந்தார்.

1995 ஏப்ரல் 20 அன்று கியூரி தம்பதியின் உடல்களை பாரிஸ் பாந்தியோனுக்கு மாற்றினார்கள். என் வைவா சமயம் அது. தன் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம் பெறும் முதல் பெண் என்று மேரியைப் பற்றித்தான் எங்கும் செய்தி, நியாயம்தான். கணவர் பியரின் உடலும் கூடவே மாற்றப்பட்டதாகக் கடைசியில் ஒரு வரி. அந்தத் துணுக்கை வெட்டி, தீசிஸில் அந்த 18 கட்ட அட்டவணை இருக்கும் பக்கத்தில் ஒட்டினேன். கோந்து மஞ்சளாகிவிட்டது, இன்னும் இருக்கிறது.